சாயங்காலக் காய்ச்சல்

பொன்னுதுரையின் வீட்டில் எல்லாருமே வாத்தியார்கள். அப்பா நாசரேத்தில் மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்தினார். அண்ணனும் அக்காவும் சாத்தான்குளம் பக்கம் ஆளுக்கொரு பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள். பொன்னுதுரைக்கு மட்டும் படிப்பு ஏறவில்லை. ஐ.டி.ஐ. முடித்த கையோடு தூத்துக்குடி துறைமுகத்துக்கு வந்து ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். பிறகு கன்டெய்னர்களை அடுக்கும் யார்டில் சின்ன கிரேன். அதற்கும் பிறகு, கப்பலிலிருந்து கன்டெய்னர்களைத் தூக்கிக் கரையில் இறக்கும் பெரிய கிரேன்.

அந்தக் கிரேனின் கேபின் ஒரு பெரிய அடுக்குமாடியின் உச்சி உயரத்தில் தொங்கும். கால் வைக்கும் இடமெல்லாம் கண்ணாடி. குனிந்தால் கப்பல் தெரியும், கப்பலுக்கும் கரைக்கும் நடுவே ஒரு கோடு பச்சைத் தண்ணீர் தெரியும், ஆட்கள் வெறும் மஞ்சள் தொப்பிகளாகத் தெரிவார்கள். புதிதாகச் சேர்ந்தவர்களில் பாதிப் பேர் அந்தக் கண்ணாடியைப் பார்த்துவிட்டு ஒரே வாரத்தில் வேறு வேலை கேட்பார்கள். பொன்னுதுரை இருபது வருஷத்துக்கு மேல் அங்கேயே உட்கார்ந்திருந்தார். காற்று அடித்துக் கேபின் ஆடும் நாட்களில் கீழே இருப்பவர்கள்தான் அண்ணாந்து பார்த்துப் பயப்படுவார்கள்.

அவருக்கு மேலே ஒரே ஒரு தொந்தரவு, ஒன்றுக்குப் போவது. இறங்கி ஏறினால் வேலை நிற்கும், கப்பல்காரன் கத்துவான். மற்ற ஓட்டுநர்கள் ஒரு காலி பாட்டிலை வைத்துக்கொள்வார்கள். பொன்னுதுரைக்கு அது கூச்சம். அதனால் டூட்டி நாட்களில் தண்ணீரே குடிக்க மாட்டார், முட்டினாலும் அடக்கிக்கொள்வார். அவருடைய மனைவி இன்பமணி மில்லர்புரத்தில், வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர். கொடுத்துவிட்ட தண்ணீர் அப்படியே திரும்பி வருவதைப் பார்த்து ஏசிக்கொண்டேதான் இருப்பாள்.

ஐம்பத்தேழு வயதில் அது வேறு மாதிரி வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயிலில் ஆராதனை முடிந்து ஒரு கல்யாண வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்தவருக்கு மூத்திரம் வரவில்லை. பொழுது சாயச் சாய அடிவயிறு கல் மாதிரி ஆகி, மனுஷர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் இருந்த ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் டியூப் போட்டு எடுத்தார்கள். ப்ராஸ்டேட் வீங்கியிருக்கிறது என்றார்கள். ஒரு வாரம் டியூபும் பையுமாக வீட்டில் இருந்தார். பிறகு அதைக் கழற்றினார்கள், மாத்திரை கொடுத்தார்கள், சரியாகிவிட்டது. மறுபடியும் கிரேன் ஏறினார். வீட்டில் யாரும் அதைப்பற்றி அப்புறம் பேசவில்லை.

ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. காய்ச்சல் ஆரம்பித்தது.

காய்ச்சல் என்று சொல்வதற்கே யோசிக்க வேண்டும், அப்படி ஒரு காய்ச்சல். காலையில் ஒன்றும் இருக்காது. மத்தியானம் வரைக்கும் மனுஷர் நன்றாக இருப்பார். சாயங்காலம் வெயில் இறங்கும் நேரத்தில் முதுகுக்குள் ஒரு குளிர் ஓடும். பல் கிட்டும். போர்வையைப் போர்த்திக்கொண்டு படுத்தால், கொஞ்ச நேரத்தில் வேர்த்து ஊற்றிப் பனியன் நனைந்துவிடும். விடிந்தால் மறுபடியும் ஒன்றும் இல்லை.

மருந்துக் கடையில் கேட்டு ஒரு மாத்திரை வாங்கினார். இரண்டு நாள் கேட்கிற மாதிரி இருந்தது, மறுபடியும் வந்தது. வேறு மாத்திரை கொடுத்தார்கள். ஒரு டாக்டர் டைபாய்டாக இருக்கும் என்றார். இன்னொருவர் டெங்கு, மலேரியா எல்லாம் பார்த்துவிட்டு, "வைரல் ஃபீவர், பைய விட்டுரும்" என்றார். அது விடவில்லை. சோறு இறங்கவில்லை. மீன் குழம்பு வாசனை வந்தாலே எழுந்து வெளியே போனார். இடுப்பில் பெல்ட் நிற்காமல் புதிதாக ஒரு ஓட்டை போட்டுக்கொண்டார். கொஞ்ச நாளில் அதற்கும் உள்ளே இன்னொரு ஓட்டை.

இன்பமணிக்குப் பயம் வந்துவிட்டது. எலும்புருக்கி, புற்றுநோய் என்று மனதுக்குள் ஒவ்வொரு பெயராக வந்து போனது. வாயைத் திறந்து சொல்லப் பயமாக இருந்தது. சொன்னால் அது உண்மையாகிவிடும் என்று ஒரு நினைப்பு.

"ஏங்க, லீவு போட்டுட்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வருவோம்."

"கப்பல் வரிசையா நிக்கி. இந்த வாரம் போவட்டும்."

"போன வாரமும் இதத்தான் சொன்னீய."

"சாயங்காலம் வாற காய்ச்சல்தானளா? எனக்கு இப்போ காலை ஷிப்ட்டு. அது வாறதுக்குள்ள நான் எறங்கிருதேன்."

பொன்னுதுரைக்கும் பயம் இல்லாமல் இல்லை. கம்பெனியில் காய்ச்சல் என்று சொன்னால் மெடிக்கல் செக்கப்புக்கு அனுப்புவார்கள். அங்கே ஏதாவது தெரிந்துவிட்டால் கீழே இறக்கிவிடுவார்கள். கீழே இறங்கினால் தான் யார் என்று அவருக்கே தெரியாது. ஆகவே அவர் ஒவ்வொரு நாளும் காலையில் உடம்பு சரியாக இருக்கும் அந்த நேரத்தை நம்பி மேலே ஏறினார்.

அந்த வியாழக்கிழமை காலையில் காற்றுக்கூட இல்லை. நல்ல வெயில். கப்பலின் மேல்தட்டிலிருந்து ஒரு கன்டெய்னரைத் தூக்கிக் கரைப்பக்கம் கொண்டுவந்துகொண்டிருந்தார். வலது கை லீவர் சரக்கை ஏற்றி இறக்கும், இடது கை லீவர் கேபினையும் சரக்கையும் சேர்த்துக் கப்பலுக்கும் கரைக்கும் நடுவே முன்னும் பின்னும் நகர்த்தும். லாரி நிற்கும் இடத்துக்கு மேலே வந்ததும் இடது கையை விட வேண்டும். விட்டால் லீவர் தானே நடுவுக்கு வந்து நின்றுவிடும்.

கை விடவில்லை.

முதலில் அவருக்கு விளங்கவே இல்லை. லீவரின் மேல் ஒரு கை இருக்கிறது, அது தன்னுடைய கைதான், ஆனால் அதை எடுக்க முடியவில்லை. யாரோ ஒருத்தர் கையைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போன மாதிரி இருந்தது. கேபின் நகர்ந்துகொண்டே இருந்தது. கன்டெய்னர் லாரியைத் தாண்டி, அதற்கு அப்பால் லாரிகள் திரும்பும் பாதைக்கு மேலே போனது. அங்கே மஞ்சள் தொப்பிகள் நின்றுகொண்டிருந்தன.

வாக்கிடாக்கியில் தங்கப்பாண்டியின் குரல் கேட்டது. கீழே நின்று சரக்குக்குச் சிக்னல் கொடுப்பவன் அவன்தான்.

"அண்ணாச்சி, லாரியத் தாண்டிட்டு. நிப்பாட்டுங்க."

பொன்னுதுரை பதில் சொல்ல வாயைத் திறந்தார். வார்த்தை வழுக்கியது. நாக்கு தடித்து ஒரு பக்கமாக இழுத்தது.

"அண்ணாச்சி! என்ன செய்யுதீய? கீழ ஆள் நிக்காங்க! அண்ணாச்சி!"

வலது கை மட்டும்தான் அவருடையதாக இருந்தது. அதைத் தூக்கிச் சிவப்புப் பொத்தானை ஓங்கி அடித்தார். கிரேன் முழுவதும் ஒரு குலுக்கலோடு நின்றது. நின்ற வேகத்தில், கயிற்றில் தொங்கிய கன்டெய்னர் முன்னால் வீசிப் போய்த் திரும்பி வந்தது. மறுபடியும் போனது. காலுக்கடியில் இருந்த கண்ணாடி வழியாக அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். தொப்பிகள் நாலாபக்கமும் ஓடின. அந்தச் சரக்கு ஆடி அடங்குவதற்குள் தன் உயிர் போய்விடும் என்றுதான் அவருக்குத் தோன்றியது.

யாருக்கும் அடிபடவில்லை. தங்கப்பாண்டி லிஃப்டில் மேலே வந்து சேர்ந்தபோது இடது கை லேசாக அசைந்தது. விரல்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. பேச்சும் வந்தது. பொன்னுதுரை இரண்டு கைகளையும் மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டு அழுதார்.

"என்ன அண்ணாச்சி, என்ன ஆச்சு?"

"தெரியலலே. கை என் பேச்சக் கேக்கலலே."

* * *

தங்கப்பாண்டி அவரை நேராக ஊருக்குள் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். பள்ளிக்கூடத்திலிருந்து இன்பமணி வந்து சேர்ந்தபோது தலைக்கு ஸ்கேன் எடுக்கக் கொண்டுபோயிருந்தார்கள்.

அங்கே டாக்டர் சுப்ரஜா இருந்தார். ஸ்ரீவைகுண்டத்துப் பெண், முப்பத்தைந்து வயது இருக்கும், பேச்சில் அவசரம் கிடையாது. கைக்கு என்ன ஆயிற்று என்பதோடு நிறுத்தவில்லை. எப்போதிலிருந்து காய்ச்சல், எடை எவ்வளவு குறைந்தது, பல் ஏதாவது பிடுங்கினீர்களா, ஆபரேஷன் ஏதாவது நடந்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தார். ஸ்டெதாஸ்கோப்பை நெஞ்சில் வைத்தார். ஓர் இடத்தில் வைத்தவர் எடுக்கவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு பொன்னுதுரையின் கையைப் பிடித்து, வெளிச்சத்தில் விரல் நகங்களைப் பார்த்தார். மூன்று நகங்களுக்கு அடியில் சிவப்பாக, முள் ஏறின மாதிரி சின்னச் சின்னக் கோடுகள் இருந்தன. இன்பமணி அதை அன்றுதான் பார்த்தாள்.

"மூத்திரத்துக்கு டியூப் ஏதாவது போட்டாங்களா அய்யா?"

பொன்னுதுரை இன்பமணியைப் பார்த்தார். "போட்டாங்க. ரெண்டு மாசத்துக்கு முன்னால. அதுக்கும் கைக்கும் என்னம்மா?"

டாக்டர் அதைச் சீட்டில் குறித்துக்கொண்டார். "இதுவரைக்கும் சாப்பிட்ட மாத்திர எல்லாத்தையும் நிப்பாட்டிருங்க. மொதல்ல ரத்தம் எடுக்கணும். கொஞ்சம் கொஞ்ச நேரம் விட்டு, வேற வேற எடத்துல இருந்து எடுப்போம்" என்றார்.

எடுத்த ரத்தத்தைச் சின்னப் பாட்டில்களில் ஊற்றி லேப்புக்கு அனுப்பினார்கள். அதில் ஏதாவது கிருமி வளர்கிறதா என்று பார்க்க வேண்டும், பொறுத்திருக்க வேண்டும் என்றார்கள். தலை ஸ்கேனில், மூளையின் வலது பக்கம் ஒரு சின்னப் புள்ளி தெரிந்தது. ரத்தக்குழாயில் எதுவோ வந்து அடைத்துவிட்டுக் கரைந்திருக்கிறது. அது எங்கிருந்து வந்தது என்பதுதான் கேள்வி.

அடுத்த நாள் தொண்டை வழியாக ஒரு குழாயை விட்டு இருதயத்தைப் படம் எடுத்தார்கள். சாயங்காலம் சுப்ரஜா அந்தப் படத்தைக் கம்ப்யூட்டரில் ஓடவிட்டு இன்பமணிக்கும், பெங்களூரிலிருந்து ஓடி வந்திருந்த மகள் ரேச்சலுக்கும் காட்டினார். கறுப்பு வெள்ளையில் ஏதோ திறந்து மூடிக்கொண்டிருந்தது. அதன் ஓரத்தில் ஒரு சின்னச் சதைத் துணுக்கு ஒட்டிக்கொண்டு, ஒவ்வொரு துடிப்புக்கும் இப்படியும் அப்படியும் ஆடியது.

"இது வால்வு. அய்யாவுக்குப் பொறக்கும்போதே இந்த வால்வு கொஞ்சம் கோளாறா இருந்திருக்கு. இத்தன நாளா ஒண்ணும் செய்யல, தெரியவும் இல்ல. இந்தா ஆடுதே, இதான் கிருமி கட்டுன கூடு. இதுல இருந்து ஒரு துளி பிஞ்சுதான் அன்னைக்கு மூளைக்குப் போயிருக்கு."

"இன்னும் பியுமா டாக்டர்?" என்றாள் ரேச்சல்.

"பிய்யலாம்."

ரத்தத்தில் கிருமி வளர்ந்துவிட்டது. எல்லாப் பாட்டில்களிலும் ஒரே கிருமி. அதன் பெயர் என்டரோகாக்கஸ். சுப்ரஜா பொன்னுதுரையின் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து சொன்னார்.

"இது எங்கன இருந்து வந்துதுன்னு கேப்பீங்க. வெளிய எங்கயும் இருந்து வரல. எல்லார் கொடல்லயும் இருக்கும். எனக்கும் இருக்கு, இவங்களுக்கும் இருக்கு. கொடலுக்குள்ள இருக்கவரைக்கும் அது பாட்டுக்கு இருக்கும், ஒண்ணும் செய்யாது. எடம் மாறுனாத்தான் தொந்தரவு. டியூப் போடும்போது மூத்திரப் பாதை வழியா ரத்தத்துக்குள்ள போயிருக்கலாம். ரத்தத்துல சுத்திட்டு, பழுது இருந்த வால்வுல போய் ஒட்டிக்கிச்சு."

"நான் மாத்திர சாப்பிட்டேனம்மா."

"நீங்க சாப்பிட்டதுல ஒண்ணு இந்தக் கிருமிய ஒண்ணுமே செய்யாது. இன்னொண்ணு கொஞ்சம் அமுக்கி வச்சிருக்கும். அதான் ரெண்டு நாள் நல்லா இருந்துட்டுத் திரும்பத் திரும்ப வந்திருக்கு."

பொன்னுதுரை தன் வயிற்றைக் குனிந்து பார்த்தார். வெளியிலிருந்து வந்த வியாதி என்றால் யாரையாவது நொந்துகொள்ளலாம். இது தனக்குள்ளேயே, தான் சாப்பிட்ட சோற்றைத் தின்று, ஐம்பத்தேழு வருஷம் கூடவே இருந்த ஒன்று. அன்று கஞ்சி கொடுத்தபோது அவர் வாங்கவில்லை. எதைச் சாப்பிட்டாலும் அதற்குத்தான் தீனி போடுகிறோம் என்று ஒரு எண்ணம் அவரைப் பிடித்துக்கொண்டது. இன்பமணி, வகுப்பில் பிள்ளைகளுக்குத் தயிரை வைத்து நல்ல கிருமி, கெட்ட கிருமி என்று எத்தனையோ தடவை பாடம் நடத்தியவள், அவருக்குச் சொல்ல ஒரு வாக்கியம் கிடைக்காமல் கஞ்சிக் கரண்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

இன்னொரு பயமும் இருந்தது. இந்தக் கிருமியில் சில ரகங்கள் எந்த மருந்துக்கும் அடங்காது. பொன்னுதுரைக்கு வந்திருப்பது எந்த ரகம் என்று தெரிய லேப்பிலிருந்து இன்னொரு ரிசல்ட் வர வேண்டும். அதுவரைக்கும் உத்தேசமாக மருந்து போய்க்கொண்டிருந்தது.

அவர் இருந்த தீவிர சிகிச்சைப் பிரிவில், கண்ணாடித் தடுப்புக்கு அந்தப்பக்கம் வெள்ளத்துரை என்று ஒருவர் படுத்திருந்தார். உப்பு வியாபாரி, சிறுநீரகம் போய் மாதக்கணக்கில் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்தவர். அவரிடம் போகிற நர்ஸுகள் தனியாக நீல அங்கி மாட்டிக்கொண்டு, கையுறை போட்டுக்கொண்டு போவார்கள். வெளியே வந்ததும் எல்லாவற்றையும் கழற்றி மஞ்சள் வாளியில் போட்டுவிட்டுக் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவார்கள்.

பொன்னுதுரை சுடலைச்செல்வி என்ற நர்ஸிடம் கேட்டார். "அவியளுக்கு என்னம்மா?"

"தொத்து இருக்கு அய்யா. நீங்க பேசாம படுங்க."

"என்ன கிருமி?"

அந்தப் பெண் சலைன் பாட்டிலைச் சரிசெய்துவிட்டு, அவருடைய கட்டிலில் தொங்கிய சீட்டை ஒரு தடவை பார்த்தாள். அந்தப் பார்வையிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. தன்னுடைய கிருமிதான். அதில் அடங்காத ரகம்.

மறுநாள் மத்தியானம் அந்தக் கண்ணாடிக்கு அப்பால் திரையை இழுத்து மூடினார்கள். கொஞ்ச நேரத்தில் வெளி வராந்தாவில் பெண்கள் அழும் சத்தம் கேட்டது. பிறகு கட்டில் காலியாக இருந்தது. இரண்டு பேர் வந்து, கட்டில் கம்பி, சுவர், தரை, கதவுப் பிடி என்று ஓர் இடம் விடாமல் மருந்துத் தண்ணீர் விட்டுத் துடைத்தார்கள். துடைத்துவிட்டு மறுபடியும் துடைத்தார்கள். பொன்னுதுரை தலையைத் திருப்ப முடியாமல் அதையே பார்த்தார். பார்வை நேரத்தில் இன்பமணி வந்தபோது அவளுடைய கையை அவர் தொடவிடவில்லை.

"தொடாத. என்னத் தொடாதளா."

"ஏன்? என்னத்துக்குத் தொடக்கூடாது?"

"நான் செத்தா இந்தச் சுவரத் துடைக்க மாதிரி நம்ம வீட்டையும் துடைக்கணும். கேட்டியா? ரேச்சல உள்ள விடாத."

இன்பமணி கையைக் கழுவிவிட்டு வந்து அவருடைய கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். அவர் இழுத்துப் பார்த்தார், அவள் விடவில்லை. அன்று அவள் ஜெபம்கூடச் சொல்லவில்லை. ஆண்டவரே என்று ஆரம்பித்தவளுக்கு அதற்கு மேல் வரவில்லை.

ரிசல்ட் அடுத்த நாள் காலையில் வந்தது. சுப்ரஜா நடந்து வந்த வேகத்தைப் பார்த்தே ரேச்சல் எழுந்து நின்றுவிட்டாள்.

"அடங்குற ரகம்தான். ரொம்பப் பழைய மருந்து, ஆம்பிசிலின். அதுவே கேக்குது. கூட இன்னொரு ஊசியும் சேத்துப் போடுவோம். ரெண்டும் சேந்தாத்தான் வால்வுக்குள்ள போய் வேல செய்யும்."

"அப்போ பயம் இல்லையா டாக்டர்?"

"பயம் இருக்கு. மருந்தும் இருக்கு" என்றார் சுப்ரஜா. "ஆறு வாரம் போடணும். ஒரு வேளகூடத் தவறக்கூடாது. நடுவுல வால்வு ரொம்ப ஒழுக ஆரம்பிச்சா, காய்ச்சல் எறங்கலன்னா, ஆபரேஷனுக்கு அனுப்பிருவேன். அத இப்பமே சொல்லிருதேன்."

* * *

வார்டுக்கு மாற்றிய பிறகும், அந்த ஆறு வாரத்தின் தொடக்கத்தில், பொன்னுதுரை ஆடாமலே படுத்திருந்தார். காரணம், அந்தப் படம். ரேச்சலின் செல்போனில் அந்தத் துணுக்கு ஆடுவதை அவர் பார்த்துவிட்டார். காட்ட வேண்டாம் என்றுதான் அவள் நினைத்தாள், அவர் விடாமல் கேட்டு வாங்கிப் பார்த்தார். தொங்கும் சரக்கு எப்போது பிய்யும் என்று அவருக்குத் தெரியும். இழுத்தால், குலுக்கினால், சட்டென்று நிறுத்தினால். ஆகவே அவர் இருமலை அடக்கினார். தும்மல் வந்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டார். கட்டிலில் புரண்டு படுக்கமாட்டார். யாராவது சிரிக்கும்படி பேசினால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை ஊசி ஏற்ற வருகிற நர்ஸ், கையைத் தூக்கச் சொன்னால் தண்ணீர் நிரம்பிய குடத்தை எடுப்பதுபோல எடுப்பார். அடிக்கடி இடது கை விரல்களைப் பெருவிரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்ப்பார். இருக்கிறதா, இன்னும் இருக்கிறதா என்று.

ஒரு நாள் ரேச்சல் தாங்கமாட்டாமல் சுப்ரஜாவிடமே சொல்லிவிட்டாள். டாக்டர் வந்து போர்வையை விலக்கினார்.

"எந்திரிங்க அய்யா."

"வேண்டாம்மா. பிஞ்சிரும்."

"படுத்துக் கெடந்தா பிய்யாதுன்னு யார் சொன்னா? நீங்க தூங்கும்போதும் இருதயம் அடிச்சுக்கிட்டுத்தான் இருக்கு. அத நிப்பாட்ட முடியுமா? மருந்துதான் அதக் கரைக்கும். நீங்க அசையாம கெடந்தா கால்ல ரத்தம் உறையும், நுரையீரல்ல சளி கட்டும். எந்திரிச்சு வராந்தாவுல நடங்க. நான் கூட வாறேன்."

பொன்னுதுரை டாக்டரின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். வராந்தாவின் கடைசிவரைக்கும் போய், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். ஒன்றும் ஆகவில்லை. திரும்பி வரும்போது தும்மல் வந்தது, அடக்குவதற்குள் தும்மிவிட்டார். அந்த இடத்திலேயே கண்ணை மூடிக்கொண்டு நின்றார். இரண்டு கைகளும் அவர் சொன்னதைக் கேட்டன.

காய்ச்சல் இறங்கியிருந்தது. சாயங்காலம் வந்துவிட்டால் இன்பமணி தெர்மாமீட்டரைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். குளிர் வராமல் ஒவ்வொரு சாயங்காலமும் கழிந்தது. கொஞ்சம் சோறு இறங்கியது. தங்கப்பாண்டி ஒரு நாள் வந்து, கன்டெய்னருக்குக் கீழே நின்றவர்கள் எல்லாரும் விசாரித்ததாகச் சொன்னான். "நீங்க அந்தப் பொத்தான அடிக்கலேன்னா நாங்க மூணு பேரு இல்ல அண்ணாச்சி" என்றான். தான் காய்ச்சலோடு மேலே ஏறிய ஒவ்வொரு காலையும் பொன்னுதுரையின் கண் முன்னால் வந்து நின்றது.

நான்காவது வாரத்தில், யாரும் எதிர்பார்க்காத ஒரு மத்தியானத்தில், அவருக்கு மறுபடியும் குளிர் வந்தது.

இன்பமணி அப்போது ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். "ஏளா, அந்தப் போர்வைய எடு" என்று அவர் சொன்ன குரலிலேயே அவள் கையிலிருந்து சுளை கீழே விழுந்தது. பல் கிட்டும் சத்தம், அதே சத்தம். தெர்மாமீட்டரைப் பார்த்துவிட்டு அவள் ஓடினாள். நர்ஸ் வந்தாள், சுப்ரஜா வந்தார். மறுபடியும் ரத்தம், மறுபடியும் பாட்டில்கள், மறுபடியும் இருதயப் படம். ஆபரேஷனுக்காக மதுரைக்கு அனுப்ப ஆம்புலன்சைத் தயாராக வைக்கச் சொல்லி சுப்ரஜா போனில் பேசுவது திரைக்கு இந்தப்பக்கம் கேட்டது.

பொன்னுதுரை ரேச்சலைக் கூப்பிட்டார். "அம்மாவுக்கு மண்சட்டி மாதிரி மனசு. ஒடஞ்சிருவா. நீ அழாத."

"அப்பா, பேசாதீங்கப்பா."

"நெஞ்சப் பொளப்பாவளோ?"

அவள் போர்வையை அவருடைய கழுத்துவரை இழுத்துவிட்டாள்.

சுப்ரஜா அவரைத் தலையிலிருந்து கால்வரைக்கும் சோதித்தார். வலது கையில் ஊசி ஏறும் குழாய் செருகியிருந்த இடத்தில் கட்டை அவிழ்த்தார். நரம்பு சிவந்து, கயிறு மாதிரி தடித்திருந்தது. தொட்டதும் பொன்னுதுரை அலறினார். குழாயை எடுத்துவிட்டு அடுத்த கையில் புதிதாகப் போட்டார்கள். இருதயப் படத்தில் அந்தத் துணுக்கு முன்னைவிடச் சின்னதாகத்தான் இருந்தது. வால்வு கொஞ்சம் ஒழுகியது, அதிகமாகவில்லை.

"கைல போட்ட குழாயாலதான் இந்தக் காய்ச்சல்னு நெனைக்கேன்" என்றார் சுப்ரஜா. "ஆனா ரத்தத்துல ஒண்ணும் வளரலன்னு தெரியறவரைக்கும் நான் அத நம்பமாட்டேன். நீங்களும் நம்ப வேண்டாம்."

அந்தக் காத்திருப்பில் இன்பமணி ஒரே சேலையில் இருந்தாள். ரேச்சல் ஆஸ்பத்திரி கேன்டீனில் டீ வாங்கி வருவாள், அது ஆறி ஆடை கட்டிக் கிடக்கும். லேப்பிலிருந்து ஒவ்வொரு நாளும் வந்த சேதி ஒன்றுதான், வளரவில்லை. மறுநாளும் வளரவில்லை. காய்ச்சல் தானாக அடங்கியது. கடைசியில் சுப்ரஜா இனி அந்தப் பாட்டில்களைப் பார்க்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஆம்புலன்ஸ் தேவைப்படவில்லை.

* * *

ஆறு வாரம் முடிந்து வீட்டுக்கு வந்தபோது அவருடைய சட்டைகள் எல்லாம் யாரோ தடித்த ஆளுடையவை மாதிரி தொளதொளத்தன. வால்வில் ஒழுக்கு நிற்கவில்லை. அது அப்படியே இருக்கும், வருஷத்துக்கு இரண்டு தடவை படம் எடுத்துப் பார்க்க வேண்டும். என்றாவது ஒரு நாள் வால்வை மாற்ற வேண்டியும் வரலாம். கம்பெனி டாக்டர் அவரைக் கிரேனுக்குத் தகுதியில்லை என்று எழுதினார். எந்தக் கன்டெய்னர் யார்டில் எங்கே போக வேண்டும் என்று கம்ப்யூட்டரில் பார்த்துச் சொல்லும் இடத்தில் உட்காரவைத்தார்கள். பக்கத்திலேயே குழாயடி, பக்கத்திலேயே கக்கூஸ். முதல் வாரம் அவர் ஜன்னல் வழியாகக் கிரேனையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாவது வாரம், மேலே ஏறும் ஒரு புது ஓட்டுநரை மறித்து, "ஏலே, தண்ணி குடிச்சியா? அடக்கி வைக்காத, எறங்கி வா, கப்பல்காரன் கத்துனா கத்தட்டும்" என்றார். அந்தப் பையன் விழித்துவிட்டுப் போனான்.

சுப்ரஜா அனுப்பும்போது ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார். இனிமேல் காய்ச்சல் என்று வந்தால் கடையில் எந்த மாத்திரையும் வாங்கக்கூடாது. ஒரு மாத்திரைகூட. முதலில் ரத்தம் கொடுக்க வேண்டும். பல்லைத் தொடும் டாக்டரிடமும், மூத்திரத்துக்குப் பார்க்கும் டாக்டரிடமும், வால்வில் கிருமி வந்தவன் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

ஐப்பசியில் ஊர் முழுக்க மழையும் சளியுமாக இருந்தது. பெங்களூரிலிருந்து வந்த ரேச்சலுக்குத் தொண்டை கட்டியிருந்தது. இரண்டு நாள் கழித்து, சாயங்காலம், பொன்னுதுரை டிவி பார்த்துக்கொண்டிருந்தவர் சட்டென்று எழுந்து சமையலறைக்கு வந்தார்.

"இன்பமணி, எனக்குக் குளுருது."

முன்பென்றால் இதைச் சொல்லவே மாட்டார். அவள் அடுப்பை அணைத்தாள். குடை எடுக்கக்கூடத் தோன்றவில்லை. மூன்று பேரும் நனைந்தபடி ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ஆட்டோவில் அவர் விரல்களை எண்ணிக்கொண்டே வந்தார். இன்பமணி அவருடைய நகங்களைத் தெருவிளக்கு வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். ரத்தம் எடுத்தார்கள். மறுபடியும் அந்தச் சின்னப் பாட்டில்கள். மறுபடியும் வளர்கிறதா என்று காத்திருப்பது.

வளரவில்லை. வெறும் சளிக்காய்ச்சல், மகளிடமிருந்து தொற்றியது. லேப்பிலிருந்து கடைசிச் சேதி வந்த அன்று, மருந்துச் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலில் நின்றபோது பொன்னுதுரைக்குக் கண் கலங்கியது.

"இனிமே இப்படித்தான் போலிருக்கு. ஒவ்வொரு தும்மலுக்கும் ஓடணும். எனக்குப் பயமாத்தான் இருக்குளா. உங்கிட்ட மறைக்க மாட்டேன்."

"எனக்கும்தான் பயமா இருக்கு" என்றாள் இன்பமணி. "ஓடுவோம். அதுக்கென்ன."

மழை விட்டிருந்தது. ரேச்சல் மூக்கைச் சிந்திக்கொண்டு ஆட்டோவுக்குக் கை காட்டினாள். ஆட்டோக்காரர் நின்று, மில்லர்புரமா, தண்ணி கெடக்கு, சுத்தித்தான் போவணும் என்றார். சரி, சுத்தியே போங்க அண்ணாச்சி என்று சொல்லிவிட்டு மூன்று பேரும் ஏறினார்கள்.